தண்ணீர்விட்டான் கிழங்கு: மாதவிடாய் நிற்கும் வயதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"திடீர்னு உடம்பெல்லாம் குப்புன்னு சுடுது, ராத்திரி தூக்கமே இல்லை" என்று நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருவர் சொன்னால் போதும், கேட்பவர் வாயில் முதலில் வரும் பெயர் தண்ணீர்விட்டான் கிழங்கு. சதாவரி என்று பாட்டிலில் விற்பதும் இதுதான். மோசமான யோசனை என்று சொல்ல முடியாது. உடல்சூடு, நீர்க்கடுப்பு, வெள்ளைப்படுதல், தாய்ப்பால் குறைவு என்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் கிழங்கு இது. ஆனால் எதற்குச் சாப்பிடுகிறோம், எதை வாங்குகிறோம், எதோடு சேர்க்கிறோம் என்பதில் நம் வீடுகளில் நடக்கும் கோளாறுகள் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ரத்தப்போக்கை நிறுத்த இதைச் சாப்பிடுவது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு லேசாகக் கறை பட்டால்கூட மகப்பேறு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பெரும்பாலும் உள்சவ்வு மெலிந்து போனதாகவோ சாதாரண சதை வளர்ச்சியாகவோ இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கும் முதல் அறிகுறி இதேதான். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் சவ்வில் ஒரு துளி எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகும். நடப்பது என்ன? "கர்ப்பப்பை சூடு" என்று முடிவு கட்டி, பாலில் பொடியைக் கலந்து குடிக்க ஆரம்பிக்கிறார்கள். இந்த வகைப் போக்கு தானாகவே சில வாரம் நிற்கும், மறுபடி வரும். அது நின்ற வாரத்தில் பொடிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. மறுபடி வரும்போது அளவைக் கூட்டுகிறார்கள். இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

மாதவிடாய் இன்னும் நிற்காமல் தாறுமாறாக வரும் காலத்திலும் இதே கதைதான். கட்டி கட்டியாகப் படுகிறது, மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அது "இந்த வயசுல அப்படித்தான்" என்று விடும் விஷயம் அல்ல. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ரத்தசோகையால் வரும் களைப்பைக் கிழங்குப் பொடி போக்காது.

அப்புறம், வியர்த்தாலே மாதவிடாய்க் கோளாறு என்று நினைப்பது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்க்கும், படபடக்கும், தூக்கம் கெடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாள் தள்ளிப்போவதும் அப்படியே. நாற்பத்தைந்து வயதிலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு, வெளியில் சொல்லச் சங்கடப்பட்டாலும் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இதை ஹார்மோன் மாத்திரைக்கு ஈடு என்று நம்புவதும் தவறு. கிழங்கில் சதாவரின் என்ற சப்போனின் வகைப் பொருட்கள் (தண்ணீரில் நுரைக்கும் தாவர வேதிப்பொருட்கள்) இருக்கின்றன, உண்மைதான். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வுகள் கொஞ்சம், அவையும் சிறியவை. இன்னொன்றும் இருக்கிறது: உடம்பு குப்பென்று சுடுவதற்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தாலும் கணிசமான பேருக்குக் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தெளிவான மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கலாம். எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க இதை மட்டும் நம்பாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதற்காக டாமாக்சிஃபென் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், நார்க்கட்டி உள்ளவர்கள் புற்றுநோய் மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ கேட்காமல் தொடவே வேண்டாம்.

சரி, வாங்குவதற்கு வருவோம். பொடியாக வாங்கினால் உள்ளே இருப்பது என்ன என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கிழங்காகக் கேளுங்கள். இரண்டு முனையும் கூராக, விரல் போல நீண்டு, வெளிர் மஞ்சளில் சுருக்கம் விழுந்திருக்கும். தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவிவிட்டுக் காயவைத்ததுதான் நல்ல சரக்கு. வெள்ளை முஸ்லி, நிலப்பனைக் கிழங்கு எல்லாம் வேறு வேறு செடிகள். "எல்லாம் ஒண்ணுதான்மா" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

நீங்களே வேலியோரத்தில் தோண்டி எடுக்கும் யோசனையும் வேண்டாம். அதே மாதிரி வேலிகளில்தான் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளும் படர்கிறது. அதிலுள்ள கால்ச்சிசின் உயிரைக் குடிக்கும் நஞ்சு. தண்ணீர்விட்டானில் ஊசி போன்ற மெல்லிய பசுமையும் முள்ளும் இருக்கும், கிழங்கு கொத்தாக இறங்கும். செங்காந்தளில் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீளும், கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். பூவும் இலையும் காய்ந்துபோன பருவத்தில் இந்த வித்தியாசம் எல்லாம் கைகொடுக்காது.

பாட்டிலாக வாங்குபவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது, மருந்தாக அல்ல.

அளவில் நடக்கும் குழப்பம் வேறு. பச்சைக் கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். அதற்குச் சொன்ன அளவைக் காய்ந்த பொடிக்குப் போட்டால் பல மடங்கு உள்ளே போகும். லேகியம் என்றால் சர்க்கரையோ வெல்லமோ தாராளமாக இருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்நீரில் சாப்பிட முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கிழங்குக்குச் சிறுநீரைப் பெருக்கும் குணம் உண்டு என்பார்கள். அதனால் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ, மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமோ சாப்பிடுபவர்கள் கேட்காமல் சேர்க்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் ரத்தச் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. இதோடு அமுக்கரா (அஸ்வகந்தா) பொடியையும் கலந்து குடிப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது வம்பு. புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைக் கலந்து குடித்துவிட்டு அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர் திட்டுவார் என்று பொடி சாப்பிடுவதை மறைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு ஒரே வளாகத்திலேயே இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனையும் இருக்கிறது. அங்கே போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும், மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.