ஆங்கிலக் கதையில் 'ஹேட்' (had) எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

"நேத்து ஈரோடு போயிருந்தனுங்க" என்று கோபியில் ஒருவர் சொன்னால், அதோடு பேச்சு முடிந்துவிடும். போனார், வந்தார். இதையே 'ஐ ஹேட் கான் டு ஈரோடு யெஸ்டர்டே' என்று எழுதி நிறுத்தினால், வெளிநாட்டு வாசகர் அடுத்த வரிக்குக் காத்திருப்பார். ஹேட் சேர்த்து எழுதும் இந்த வடிவத்துக்குப் பாஸ்ட் பர்ஃபெக்ட் என்று பெயர், அதற்கு இரண்டு காலங்கள் வேண்டும். கதை இப்போது நடந்துகொண்டிருக்கும் இறந்தகாலம் ஒன்று, அதற்கும் முந்தியது இன்னொன்று. முந்தியதற்குத்தான் ஹேட். ஒரே காலம்தான் என்றால் 'ஐ வென்ட் டு ஈரோடு' போதும். நம் நாட்டு ஆங்கிலப் பேச்சில் அந்த ஹேட் தாராளமாகப் புழங்குகிறது, பேச்சில் குழப்பமும் வருவதில்லை. ஆனால் கதை படிக்கிறவர் ஒவ்வொரு ஹேட்டையும் காலம் மாறுவதற்கான குறியாகவே எடுத்துக்கொள்வார்.

ஹேட்டைத் தவறான வினையில் சேர்ப்பது அடுத்த தவறு. 'வென் ஐ ரீச்ட் காந்திபுரம், தி பஸ் ஹேட் லெஃப்ட்' என்றால் நாம் போவதற்கு முன்பே பஸ் போய்விட்டது, ஸ்டாண்டு காலி. அதே வரியில் ஹேட்டை எடுத்துவிட்டால், நாம் போய்ச் சேர்ந்ததும் கண்ணெதிரே பஸ் கிளம்புகிறது. இரண்டும் சரியான ஆங்கிலம், ஆனால் காட்சி வேறு. 'வென் ஐ ஹேட் ரீச்ட்' என்று இடம் மாற்றிப் போட்டால், சேர்ந்த பிறகுதான் பஸ் போனது என்றாகி, தவறவிட்ட கதையே கெட்டுவிடும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' வந்து முன்பின் தெளிவாக இருக்கும்போது ஹேட் கட்டாயமில்லை. எழுந்தார், டீ குடித்தார், தறியை ஓட்டினார் என்று வரிசையாக நடப்பவற்றுக்கும் வேண்டாம்.

கதை எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது பிளாஷ்பேக்கில். காங்கேயத்துப் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு அப்பாரு நிற்கிறார், பழைய நினைவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி, 'தி ஓல்ட் மேன் ஸ்டுட் நியர் தி புல்ஸ்.' பின்னால் போக, 'ட்வென்டி இயர்ஸ் இயர்லியர், ஹி ஹேட் சோல்ட் எ புல் ஹியர். ஹி ஹேட் வாக்ட் ஆல் நைட்.' இந்த இரண்டு ஹேட்டிலேயே வாசகர் பழைய காலத்துக்குப் போய்விட்டார். இனி சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹேட் இல்லாத சாதாரண இறந்தகாலம்: 'தி புல் லிம்ப்ட். எ பையர் செக்ட் இட்ஸ் டீத்.' வியாபாரி பேசினால் 'ஹி செட்'தான், 'ஹி ஹேட் செட்' அல்ல. பிளாஷ்பேக் முழுக்க வரிக்கு வரி ஹேட் போட்டால் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் நடந்துகொண்டிருக்க வேண்டிய காட்சி, யாரோ எழுதிக் கொடுத்த அறிக்கை மாதிரி ஆகிவிடும்.

திரும்பி வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நினைவின் கடைசி வரியில் மறுபடி ஒரு ஹேட் போடலாம், அல்லது 'நவ்' என்று தொடங்கிச் சந்தைக்கு வரலாம். இரண்டும் இல்லாமல் 'ஹி வைப்ட் ஹிஸ் ஃபேஸ்' என்று எழுதினால், முகத்தைத் துடைத்தது இளைஞனா கிழவரா என்று தெரியாது. நினைவே இரண்டு மூன்று வரிதான் என்றால் எல்லா வரியிலும் ஹேட் இருக்கட்டும். பக்கக் கணக்கில் நீண்டால் இடைவெளி விட்டுத் தனிக் காட்சியாகவே எழுதிவிடுவது நல்லது.

மேலே 'இயர்லியர்' என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். 'அகோ' என்பது பேசுகிறவரின் இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. கதையின் அன்றிலிருந்து எண்ணும்போது 'இயர்லியர்' அல்லது 'பிஃபோர்'. அதேபோல 'யெஸ்டர்டே' என்பது 'தி டே பிஃபோர்' ஆகும். மேற்கோளுக்குள் பாத்திரம் நேரடியாகப் பேசினால் 'அகோ', 'யெஸ்டர்டே' அப்படியே இருக்கலாம்.

வினை வடிவத்தில் வரும் பிழைகள் மனப்பாடத்தில் தீரும். ஹேட்டுக்குப் பின் மூன்றாம் வடிவம்தான்: 'ஹேட் வென்ட்' அல்ல 'ஹேட் கான்', 'ஹேட் கேம்' அல்ல 'ஹேட் கம்', 'ஹேட் ட்ரேங்க்' அல்ல 'ஹேட் ட்ரங்க்'. 'ஹேட் பீன் நோயிங்' கிடையாது, 'ஹேட் நோன்'. அடுக்கி வரும் வினைகளுக்கு ஒரு ஹேட் போதும்: 'ஹி ஹேட் ஃபெட், வாஷ்ட் அண்ட் டைட் தி புல்.'

கதையே நிகழ்காலத்தில் ஓடினால் கணக்கு மாறும். 'தி ஓல்ட் மேன் ஸ்டேண்ட்ஸ்' என்று தொடங்கியவர், மாட்டை விற்றதைச் சொல்ல 'ஹி சோல்ட்' என்றாலே முந்தைய காலம் கிடைத்துவிடும். அங்கே ஹேட் நுழைந்தால், விற்றதற்கும் முன்னால் நடந்த வேறொன்றைச் சொல்வதாகிவிடும்.

எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி ஹேட்டைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிப் படித்துப் பாருங்கள். நடந்த வரிசை மாறவில்லை என்றால் அநேகமாக அது தேவையில்லாதது. 'ஹி ஹேட் எ புல்' மாதிரி, இருந்ததைச் சொல்லும் ஹேட்டுகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுருக்கி எழுதிய 'ஹீ'ட்' (he'd), 'ஷீ'ட்' (she'd) இந்தத் தேடலில் சிக்காது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். அவற்றில் சில 'வுட்' (would) என்பதன் சுருக்கமாகவும் இருக்கும்.