கல்முனையிலிருந்து வொறன்டில் கொழும்புக்கு: நான் திரும்பி வந்த கதையும் நீங்கள் திரும்பாமல் இருக்க வழியும்

ஆசிரியர் வேலைக்கு வந்து ஒன்பது வருசம். போன தவணை லீவில்தான் முதன்முதலாகப் புகையிரத ஆணைச்சீட்டு, நம்மட வாயில் வொறன்ட், எடுத்தேன். அரச ஊழியர் கோச்சியில் (ரயிலில்) இலவசமாகப் போகத் தரும் கடதாசி அது. விண்ணப்பம் எழுதுவது, அதிபரிடம் கையொப்பம் வாங்குவது எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அதற்குப் பிறகு வருவதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, வொறன்ட் கைக்கு வந்ததும் அந்த மேசைக்கு முன்னாலேயே நின்று வாசியுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கூட வருபவர்களின் உறவுமுறை, வகுப்பு, திகதி, போக மட்டுமா போய்வரவா என்பது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புறப்படும் இடம். நான் விழுந்தது அதில்தான். எனக்குத் தந்ததில் "கல்முனை – கொழும்பு கோட்டை" என்று வடிவான எழுத்தில் கிடந்தது. மட்டக்களப்புக் கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சேர், கல்முனையில எப்ப ஸ்டேசன் கட்டின?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. கல்முனை இருக்கும் அம்பாறை மாவட்டத்துக்குத் தண்டவாளமே கிடையாது. மாகோவில் பிரிந்து வரும் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. வீடு அக்கரைப்பற்றோ பொத்துவிலோ, வொறன்டில் "மட்டக்களப்பு" என்றுதான் எழுத வேண்டும்.

"பேனையால வெட்டி எழுதித் தாங்களேன்" என்று கெஞ்சினேன். ஒண்ணாதாம். வெட்டின இடத்தில் வொறன்ட் தந்த அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் வேணுமாம். திருப்பி பஸ் ஏறி வீட்டுக்கு. வெள்ளை மை பூசித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், புதுசாக எழுதச் சொல்லுங்கள்.

மறுகா, வொறன்ட் டிக்கெட் அல்ல. அதைக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட்டாக மாற்றிய பிறகுதான் கோச்சியில் ஏறலாம். இணையத்தில் ஆசனம் பதிவது காசு கட்டுபவர்களுக்கு, நமக்குக் கவுண்டர்தான். லீவு நாளென்றால் முன்கூட்டியே போங்கள். வொறன்டை மடித்து பேர்சுக்குள் திணிக்காமல் பிளாஸ்டிக் ஃபைலில் வையுங்கள், கொடுக்குமுன் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

எந்தக் கோச்சி? பிள்ளைகளோடு என்றால் என் தெரிவு பகலில் ஓடும் உதயதேவி. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது என் சின்னவன் ஜன்னலை விட்டு அசையவில்லை. பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம்: 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் மீனகயா கோச்சி மோதி 6 யானைகள் செத்த பிறகு இந்தப் பாதையில் நேரங்களை மாற்றினார்கள். புறப்பட முதல் ஸ்டேசனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: எங்கள் பாடசாலை மிஸ் ஒருவர் கொழும்பு தாண்டி மாத்தறை போகக் கேட்டார். கோட்டை என்று எழுதாமல் கடைசியாக இறங்கும் ஸ்டேசனை எழுதச் சொல்லுங்கள் என்றேன். "மட்டக்களப்பு – மாத்தறை" என்று சரியாகத்தான் வந்தது. திகதியில் மட்டும் போன வருசம்.