ஏரிக்கரையில் பாடம் எடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போன புதிதில் நான் செய்த பெரிய தவறு, கரையில் நிற்கவைத்து அரைமணி நேரம் பேசியது. உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பான் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் செல்போனுக்குள் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு டீ வடிகட்டி, நாலு பேருக்கு ஒரு வெள்ளைத் தட்டு. கரையோரக் கோரைப்புல்லின் அடியை வடிகட்டியால் அலசித் தட்டில் கொட்டி, ஐந்து நிமிடம் சும்மா பார்க்கச் சொல்வேன். முதலில் வெறும் சேறுதான் தெரியும். அப்புறம் அந்தச் சேறு நடக்கத் தொடங்கும். தட்டானின் குஞ்சு ஒன்று, முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சடாரென நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வும். சீண்டினால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு முன்னால் பாயும். பையன்கள் சிரித்து உருளுவார்கள். உருளட்டும். உணவுச் சங்கிலி என்ற சொல்லை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

அடுத்தது, தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொடுப்பது. கண்ணாடி போலிருக்கும் தண்ணீரில் சாயக்கழிவோ பூச்சிமருந்தோ கரைந்திருக்கலாம். மழைக்குப் பின் செம்மண் கலங்கிய ஏரி ஆரோக்கியமாகவே இருக்கலாம். தண்ணீரின் நிறத்தை விட்டுவிட்டு, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பழக்க வேண்டும். சேற்றில் சிவப்பு ரத்தப்புழு மட்டுமே நெளிந்தால் அங்கே ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அந்தப் புழுவிலும் இருக்கிறது. அதனால்தான் மற்றவை மூச்சுத் திணறும் இடத்தில் அது பிழைக்கிறது.

ஆக்சிஜன் அளக்கும் கிட் வாங்கியவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு முறை அளந்து, 'நல்ல நிலை' என்று நோட்டில் எழுதவைத்துவிடுவார்கள். பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று கிடக்கும் குளம் பகலில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். இரவில் அதே பாசி அதை உறிஞ்சிவிடும். வெயில் காலம் என்றால் இன்னும் மோசம். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். இதையெல்லாம் கருவி இல்லாமலே அறிந்தவர் அந்த ஏரியில் வலை போடுகிறவர்தான். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதை அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நாம் பத்து நிமிடம் பின்னால் நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆற்றுக்குப் போனால், 'இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே' என்று பிள்ளைகள் முன் அங்கலாய்க்காதீர்கள். டிவியில் தினமும் கேட்கிற வசனம்தான், ஆனால் தவறு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிட அது கடலுக்குப் போக வேண்டும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி வர வேண்டும். ஆறு கடலைத் தொடாவிட்டால் அதன் வம்சம் அந்த ஆற்றில் நின்றுபோகும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு பிழைத்திருப்பதும் ஆற்றிலிருந்து வரும் நன்னீரையும் வண்டலையும் நம்பித்தான். (ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரியாது. உள்ளூர்க்காரர் காட்டாத இடத்தில் யாரையும் இறக்காதீர்கள்.)

பயணத்தின் முடிவில் 'இயற்கைக்கு நம் பரிசு' என்று தொட்டி மீன்களை ஏரியில் விடும் நிகழ்ச்சி சில பள்ளிகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த டேங்க் கிளீனர் மீன் நம் நீர்நிலைகளுக்குள் புகுந்தது இப்படித்தான். வலையைக் கிழிக்கும், விலைபோகாது.

கடைசியாக ஒன்று. ஏரி வற்றிவிட்டதென்று மே மாதப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். மழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவது நம் ஏரிகளில் பலவற்றின் இயல்பு. அதற்கேற்பத்தான் உள்ளே இருப்பவையும் வாழ்கின்றன. போன வருடம் வெடித்த சேற்றைக் கிளறி, மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு கிடந்த நத்தைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கல் மாதிரி இருக்கிறது, செத்துப்போச்சு சார் என்றாள் ஒருத்தி. தயிர்சாதம் முடிந்து கை கழுவப் போனவளே கத்திக் கூப்பிட்டாள். ஒன்று மூடியைத் திறந்து கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது.