வெப்பப் படத்தில் கோடு கோடாக வந்த சிக்கல்

ட்ரோனில் வெப்பக் கேமரா வைத்துப் பயிரின் மேற்பரப்பு வெப்பநிலையை எடுத்தால், படத்தில் ஒரு பறப்பு வரிசை சூடாகவும் அடுத்தது குளிர்ச்சியாகவும் மாறி மாறி வந்தது. ஒரே ரகம், ஒரே பாசனம். 2 டிகிரி வித்தியாசம்! கேமரா அமைப்பில் உமிழ்திறனை (ஒரு பரப்பு எந்த அளவு வெப்பக் கதிரை வெளிவிடுகிறது என்ற எண்) 0.95, 0.98 என்று மாற்றினால் மொத்தப் படமும் நகர்ந்ததே தவிர கோடு போகவில்லை. உயரத்தைக் குறைத்தும் பலனில்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: குளிர்ந்த வரிசைகள் எல்லாமே எதிர்காற்றில் பறந்தவை. தரைவேகம் (நிலத்தைப் பொறுத்த வேகம்) ஒன்றுதான் என்றாலும், எதிர்காற்றில் கேமரா மீது மோதும் காற்று அதிகம். என் கேமராவில் இருப்பது போன்ற, குளிரூட்டி இல்லாத சென்சாருக்குத் தன்னைச் சுற்றியுள்ள கூட்டின் வெப்பநிலை மாறினாலே அளவும் மாறிவிடும்.

லென்ஸை மட்டும் விட்டுக் கூட்டைச் சுற்றி நுரைப்பஞ்சு ஒட்டினேன். பறக்குமுன் 20 நிமிடம் கேமராவை ஓடவிட்டேன். கோடுகள் மறைந்தன, பெரிய நிம்மதி. வயலோரம் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, கலக்கிவிட்டு, வெப்பமானியில் அளந்து படத்தோடு சரிபார்ப்பதையும் இப்போது விடுவதில்லை.