கடைத் தராசுக்கு டிரைவர் தேட வேண்டாம்: லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் கல்லாவை ஒட்டி இருப்பது பெரும்பாலும் பழைய கணினிதான். அதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டால் பில் போடும் வேலைக்குத் தாராளமாகப் போதும். தகராறு வருவது எலக்ட்ரானிக் தராசில்தான். சீப்புச் சீடையை நிறுத்தால் எடை பில்லில் தானாக ஏற வேண்டும், ஏறாது. உடனே கேபிளின் பெயரைப் போட்டுத் தேடி, எங்கோ கிடைத்த ஜிப் ஃபைலை இறக்கி, கம்பைல் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வேலையே வேண்டாம். அந்த டிரைவர், அதாவது கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல், பல ஆண்டுகளாக லினக்ஸின் மைய நிரலான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கண்டுபிடித்து, வழியில் நிற்பதை விலக்கினால் போதும்.

டெர்மினலில் தட்ட வேண்டிய கட்டளைகளை இங்கே ஒலிப்பாக எழுதியிருக்கிறோம். எழுத்துக்கு எழுத்து சிறுகோடு போட்டுப் பிரித்திருந்தால் அந்தந்த ஆங்கில எழுத்தைத் தனித்தனியாகத் தட்டுங்கள். கோட்டைத் தட்ட வேண்டாம். பை-பாத் போல முழுச் சொற்களுக்கு நடுவே வரும் கோட்டை மட்டும் தட்டுங்கள்.

படி 1: கேபிளுக்குள் என்ன சிப்?

தராசின் பின்பக்கம் 9 பின் உள்ள ஆர்எஸ்-232 (பழைய வகை சீரியல் இணைப்பு) போர்ட் இருக்கும். அதைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிளின் தலைப்பில் ஒரு சிப் இருக்கிறது. கெர்னலுக்குத் தேவை அந்தச் சிப்பின் அடையாளம்தான். பெட்டியில் அச்சிட்ட கம்பெனிப் பெயர் அல்ல. கேபிளைச் செருகி எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று தட்டுங்கள். 1ஏ86:7523 என்று வந்தால் அது சிஎச்340 சிப். 0403:6001 என்றால் எஃப்டிடிஐ கம்பெனியின் சிப். முன்னால் இருப்பது தயாரிப்பாளர் எண், பின்னால் இருப்பது பொருளின் எண்.

நான்கைந்து பின் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி போர்டை வாங்கிவிடாதீர்கள். அது 5 வோல்ட் மின்னழுத்தத்தில் பேசும் டிடிஎல் வகை. ஆர்எஸ்-232 மின்னழுத்தம் அதைவிட அதிகம், எதிர்மறையாகவும் போகும். நேரடியாகக் கொடுத்தால் சிப் போய்விடும். நடுவில் மேக்ஸ்3232 மாதிரி ஒரு மாற்றி இருக்க வேண்டும். 9 பின் தலைப்புள்ள நல்ல கேபிளில் அது உள்ளேயே இருக்கும்.

படி 2: கெர்னல் என்ன சொல்கிறது?

சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) டி-எம்-இ-எஸ்-ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு மைனஸ் குறியும் டபிள்யூ எழுத்தும் சேருங்கள். இப்போது கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் வரிகள் ஓடும். கடைசியில் கன்வெர்ட்டர் டிடிஒய்யுஎஸ்பி0 உடன் இணைந்தது என்று வர வேண்டும். அந்த போர்ட்டுக்குக் கெர்னல் வைக்கும் பெயர் அது. சிஎச்340 கேபிள் என்றால் அந்த வரியில் டிரைவரின் பெயர் சிஎச்341 என்று இருக்கும். சிப் 340 ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான்.

உபுண்டு 22.04-இல் பலரைப் படுத்துவது இதற்கு அடுத்த வரி: இணைந்த கையோடு துண்டிக்கப்பட்டது என்று வரும், பக்கத்தில் பி-ஆர்-எல்-டி-டி-ஒய் என்ற பெயர் இருக்கும். அது பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் நிரல். ஒரு பிரெய்ல் கருவியிலும் இதே சிப் இதே எண்ணோடு இருப்பதால், உங்கள் தராசையும் பிரெய்ல் திரை என்றே எண்ணி அந்த நிரல் பிடித்துக்கொள்கிறது. கடையில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் யாரும் இல்லையென்றால் ஏ-பி-டி ரிமூவ் கொடுத்து நீக்கிவிடலாம். இருந்தால் தயவுசெய்து நீக்காதீர்கள். கருவியைச் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் யுடெவ் விதிக் கோப்புகளில் 85 என்ற எண்ணோடு தொடங்கும் அதன் கோப்பை, இடிசி கோப்புறைக்குள் உள்ள யுடெவ் ரூல்ஸ் கோப்புறைக்கு அதே பெயரில் நகலெடுத்து, 1ஏ86 வரும் வரியின் முன்னால் மட்டும் # குறி போடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் பழையபடி ஆகிவிடும்.

படி 3: டிரைவர் எங்கே குடியிருக்கிறது?

மோட்இன்ஃபோ கட்டளைக்குப் பின் சிஎச்341 என்று கொடுங்கள். முதல் வரியில் வரும் பாதையைக் கவனியுங்கள்: லிப், மாட்யூல்ஸ், கெர்னல் பதிப்பு எண், அதற்குள் கெர்னல், டிரைவர்ஸ், யுஎஸ்பி, சீரியல். கெர்னலின் மூல நிரலிலும் இதே அடுக்குதான். சீரியல் மாற்றிகள் எல்லாம் அந்தக் கோப்புறையில். பில் பிரின்டரின் யுஎஸ்பிஎல்பி டிரைவர் யுஎஸ்பிக்குள் கிளாஸ் என்பதில். கீபோர்டு, மவுஸ், பார்கோடு ஸ்கேனர் எச்ஐடி என்ற கோப்புறையில். தரம் இன்னும் தேறாத டிரைவர்களுக்கு ஸ்டேஜிங் என்று தனியிடம் உண்டு.

அதே வெளியீட்டில் ஏலியாஸ் என்று தொடங்கும் வரிகள் வரும். இந்த டிரைவர் ஏற்கும் எண்களின் பட்டியல் அது. கருவியைச் செருகியதும் அதன் எண்ணை இந்தப் பட்டியலில் பார்த்துத்தான் எந்த மாட்யூலை (தனிக் கோப்பாக உள்ள டிரைவரை) ஏற்றுவது என்று முடிவாகிறது.

படி 4: உரிமையும் நிலையான பெயரும்

டிடிஒய்யுஎஸ்பி0 வந்த பிறகும் பில் மென்பொருள் அனுமதி மறுக்கப்பட்டது என்றால், பயனரைச் சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் சேருங்கள். லாகவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் அது செல்லும்.

இன்னொரு தொல்லை உண்டு. மின்சாரம் ஒரு நொடி வெட்டியதும் யுஎஸ்பி ஹப் அணைந்து எழும். பழைய டிடிஒய்யுஎஸ்பி0-வைப் பில் மென்பொருள் இன்னும் திறந்து வைத்திருப்பதால் கெர்னல் அந்த எண்ணை விடுவிக்காது. தராசு டிடிஒய்யுஎஸ்பி1 ஆக வந்து நிற்கும். ஆகவே எண்ணை நம்பாமல் ஒரு யுடெவ் விதி எழுதுங்கள்: சப்சிஸ்டம் டிடிஒய், ஐடிவெண்டர் 1ஏ86, ஐடிபுராடக்ட் 7523, மூன்றும் பொருந்தினால் தராசு என்ற சிம்லிங்க் (அதே போர்ட்டைக் காட்டும் மாற்றுப் பெயர்) உருவாகட்டும். பொருத்தம் பார்க்கும் இடங்களில் == என்று இரட்டைச் சமக்குறி வேண்டும்; சிம்லிங்குக்கு +=. ஒற்றைச் சமக்குறி போட்டால் விதி வேலை செய்யாது. பிறகு யுடெவ்அட்ம் வழியாக விதிகளை மறுபடி ஏற்றி, கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். மின்வெட்டுக்குப் பின் பில் மென்பொருளும் போர்ட்டை மூடித் திறக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடையில் ஒரே மாதிரி இரண்டு தராசு இருந்தால் இந்த விதி பிரித்துப் பார்க்காது, ஏனெனில் சிஎச்340-இல் பெரும்பாலும் தனி வரிசை எண் கிடையாது. டெவ் கோப்புறையில் சீரியல், அதற்குள் பை-பாத் என்பதைப் பாருங்கள். எந்த யுஎஸ்பி துளை என்பதை வைத்துப் பெயர் இருக்கும். துளைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்து வந்தால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள். தராசின் பாட் ரேட்டும் (தரவு அனுப்பும் வேகம்) மென்பொருளின் பாட் ரேட்டும் ஒன்றாக இல்லை என்று அர்த்தம். பல தராசுகளில் 9600. உறுதியாக அறியத் தராசின் கையேட்டைப் பாருங்கள்.

படி 5: எண் பட்டியலில் இல்லையென்றால்

சிப் தெரிந்த சிப்தான், எண் மட்டும் புதிது என்றால் தற்காலிகமாக நாமே சொல்லிக் கொடுக்கலாம். மாட்யூலை மோட்ப்ரோப் மூலம் ஏற்றிவிட்டு, சிஸ் கோப்புறையில் யுஎஸ்பி-சீரியல் பஸ்ஸின் கீழ் அந்த டிரைவரின் நியூ_ஐடி கோப்பில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். சூடோ எக்கோ என்று போட்டு > குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி கிடைக்காது, ஏனெனில் கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க் குறி வழியே சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள். வேறு சிப்பின் எண்ணைக் கொடுத்தால் இணைந்த மாதிரி காட்டும், தரவு வராது.

ரீபூட் ஆனதும் இது போய்விடும். நிரந்தரத் தீர்வு மூல நிரலில் ஒரே ஒரு வரி: சிஎச்341 நிரலின் ஐடி பட்டியலில் புதிய எண். இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்பிலிருந்து எல்லோருக்கும் அது தானாக வேலை செய்யும். சேர்க்கும் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி ஸ்பேஸ் அல்ல, டேப். செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டிப் பிழைகளை நீக்குங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லும். யுஎஸ்பி சீரியல் பகுதியை யோஹன் ஹோவோல்ட் பராமரிக்கிறார். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கமிட் கட்டளையில் மைனஸ் எஸ் (சிறிய எழுத்து) சேர்த்துக் கையொப்பம் இடுங்கள். எந்தக் கருவி, எப்படிச் சோதித்தீர்கள் என்று விளக்கத்தில் எழுதுங்கள். மெயில் வெறும் உரையாக, கிட் சென்ட்-இமெயில் வழியாகப் போகட்டும். இணைப்பாக அனுப்பினால் திருத்தம் சொல்பவர்களுக்குச் சிரமம்.

படி 6: வேறு வழியே இல்லாதபோது

யுஎஸ்பியில் செருகும் சில வைஃபை டாங்கிள்களுக்கு வெளி டிரைவர்தான் கதி. அதை டி-கே-எம்-எஸ் மூலம் போடுங்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவே மறுபடி கம்பைல் செய்யும். கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் தொகுப்பு இல்லையென்றால் அங்கேயே நிற்கும். ஹெடர்ஸ் இருந்தும் தோற்கலாம், ஏனெனில் கெர்னலின் உள் செயல்கூறுகள் மாறாது என்ற உத்தரவாதம் கிடையாது. 6.4 பதிப்பில் கிளாஸ்_கிரியேட் என்ற செயல்கூறின் ஒரு உள்ளீட்டை எடுத்துவிட்டார்கள். கெர்னலுக்குள் இருந்த டிரைவர்களை அவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே இருந்தவை கம்பைலே ஆகவில்லை. புது டாங்கிள் வாங்குமுன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்டேட்டுக்குப் பின் புதிய கெர்னலில் தராசு, பிரின்டர் இரண்டையும் சோதிக்கும்வரை பழைய கெர்னலை அழிக்காதீர்கள். கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் அது இருக்கட்டும். தீபாவளி வியாபாரம் நடக்கும் வாரங்களில் கெர்னலைத் தொடவே வேண்டாம்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், கையொப்பம் இல்லாத வெளி மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. மோக்யூட்டில் என்ற கட்டளை வழியாகக் கையொப்பச் சாவியைப் பதிவுக்குக் கொடுத்து ரீபூட் செய்தால் நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அது உபுண்டு எழுவதற்கு முன்பே வருவதால் தொலைவிலிருந்து இணைத்துச் செய்ய முடியாது. கடைக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.