உறைபனிக்கு முன் தக்காளியைக் காப்பாற்றுவது எப்படி?

இரவு வெப்பநிலை 3 டிகிரி என்று முன்னறிவிப்பில் பார்த்துவிட்டு, பூஜ்யத்துக்குப் போகாதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் எடுக்கும் அளவு. காற்று அசையாமல், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவில் செடி மட்டத்தில் இன்னும் சில டிகிரி இறங்கிவிடும். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பயமில்லை.

முதலில் எதைப் போர்த்துவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ், வெள்ளரி எதுவும் தாங்காது. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் லேசான பனிக்கு அசையாது. கேரட் குளிரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும் என்பதால் இன்னும் இனிக்கும், அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

மதியமே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், இலைக்கு அல்ல. ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும்.

அப்புறம் போர்த்துவது. நான் கோட்டை விட்டது இங்கேதான். போர்வையைச் செடியின் தலையில் போட்டு, காற்றில் பறக்கக் கூடாதென்று தண்டோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன், பார்க்க மூடிய குடை மாதிரி அழகாகத்தான் இருந்தது. விடியலில் அவிழ்த்தால் இலைகள் விறைத்து நின்றன. வெயில் ஏறியதும் கொதிநீரில் போட்ட கீரையாய்த் துவண்டு கறுத்துவிட்டன. போர்வை தானாகச் சூடு தராது, மண்ணிலிருந்து எழும் சூட்டை வெளியே போகாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. நான் அந்தச் சூடு உள்ளே வரும் வழியையே கட்டி அடைத்திருந்தேன். ஆகவே கூடாரம் மாதிரி நாலு பக்கமும் தரை வரை தொங்கவிட்டு, ஓரத்தில் கல் வையுங்கள். பொழுது சாயும் முன்பே இதை முடித்துவிட வேண்டும், இருட்டிய பிறகு போர்த்தினால் பாதிச் சூடு போயிருக்கும்.

என் ஓட்டு பழைய பருத்திப் போர்வைக்குத்தான். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் குச்சி நட்டு மேலே தூக்கிக் கட்டுங்கள். எதுவானாலும் காலையில் எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பச்சைத் தக்காளியை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முழு அளவு பருத்து, வெளிர்பச்சைக்கு வந்தவற்றை மட்டும் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு அறைச் சூட்டில் வையுங்கள், பழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுக்காது. கரும்பச்சையாக, சின்னதாக இருப்பவை ஊறுகாய்க்கு.