மூட்டு தளர்வான கர்ப்பிணிகளும் புரோஜெஸ்டிரான் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் வரும் முதல் விசாரிப்பு, "கரு தங்குறதுக்கு மாத்திரை குடுத்தாங்களா?" என்பதுதான். அந்தப் பெண்ணுக்குக் கட்டை விரல் வளைந்து முன்கையைத் தொடும், முழங்கை பின்பக்கம் மடங்கும், அடிக்கடி கணுக்கால் பிசகும் என்றால் கவலை இரண்டு மடங்காகிவிடும். மூட்டே இப்படித் தளர்ந்திருந்தால் கருப்பை வாயும் தளர்ந்துதானே இருக்கும், மாத்திரை போட்டே ஆகவேண்டும் என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வாசல். அந்த மாத்திரை புரோஜெஸ்டிரான், கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன். மூட்டு தளர்வு என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கொடுப்பதில்லை. பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்லும் இடங்கள் முக்கியமாக இரண்டு. முன்பு கரு கலைந்திருந்து, இந்த முறை ஆரம்ப மாதங்களில் ரத்தக்கசிவும் இருப்பது ஒன்று. 2019இல் வந்த, பிரிட்டனில் நடந்த பிரிசம் என்ற ஆய்வில் கசிவு உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை; முன்பே கலைந்த அனுபவம் உள்ளவர்களிடம்தான் பலன் தெரிந்தது. 2021இல் பிரிட்டனின் வழிகாட்டுதல் இவர்களுக்கு 400 மில்லிகிராம், தினம் இருவேளை, 16 வாரம் முடியும்வரை என்று சொன்னது. இரண்டாவது, 18 முதல் 24 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருப்பது. அப்போது வழக்கமாக இரவில் 200 மில்லிகிராம், ஏறக்குறைய 36 வாரம் வரை. ஆகவே உங்கள் கவலை நியாயம்தான் என்றாலும், அதற்கு விடை மெடிக்கல் ஷாப்பில் இல்லை, ஸ்கேனில் இருக்கிறது. கருப்பை வாயை அளப்பதற்குப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன்தான் சரி. கூச்சப்பட்டு வயிற்றின் மேல் பார்த்தால் போதும் என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, நாத்தனார் மீதி வைத்த அட்டையை எடுத்துப் போடுவது. புரோஜெஸ்டிரான் குடும்பத்தில் பல மருந்துகள் உண்டு. 10 மில்லிகிராம் டைட்ரோஜெஸ்டிரான் என்பது வாயில் போடும் மாத்திரை. கருப்பை வாய் குட்டையானதற்குத் தரும் காப்சூலுக்கு அது மாற்று இல்லை. வாரம் ஒரு முறை போடும் கேப்ரோயேட் ஊசியும் இருக்கிறது. அது குறைப்பிரசவத்தைத் தடுக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியதால் 2023 ஏப்ரலில் அமெரிக்கா அதன் அனுமதியை ரத்து செய்தது.

பெரிய குழப்பம் 200 மில்லிகிராம் காப்சூலில்தான். அதே காப்சூலை விழுங்கவும் செய்யலாம், பிறப்புறுப்பில் வைக்கவும் செய்யலாம். மருந்துக்கடையில் காகித உறையின் மேல் '0-0-1' என்று கிறுக்கித் தருவார்கள். இரவு ஒன்று என்பது புரியும். எந்த வழியில் என்பது அதில் இருக்காது. விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும், தூக்கமும் கிறுகிறுப்பும் வரும். உள்ளே வைத்தால் மருந்து நேராகக் கருப்பைக்குப் போகும். வைக்கச் சொன்னதை விழுங்கிக்கொண்டிருந்தால் தலை சுற்றுவதுதான் மிச்சம். "விழுங்கணுமா, உள்ள வைக்கணுமா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வைக்கும்போது மறுநாள் வெள்ளையாகக் கொஞ்சம் வெளியே வருவது மருந்தின் எச்சம்தான். நாற்றமோ அரிப்போ இருந்தால் மட்டும் காட்ட வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் ஷீட் போட்ட வீட்டில் டிவி மேல் வைத்த காப்சூல் இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அட்டையில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அப்புறம், சில காப்சூல்களில் நிலக்கடலை எண்ணெய் இருக்கிறது. கடலை விளைகிற வட ஆற்காட்டில் கடலை ஒவ்வாமையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. இடுப்பு வலி கூடியதும், "ஹார்மோன் மாத்திரைதான் மூட்டை இளக்குது" என்று தானாகவே நிறுத்திவிடுவது. கர்ப்பத்தில் ரிலாக்சின் உட்படப் பல ஹார்மோன்கள் சேர்ந்துதான் மூட்டுகளைத் தளர்த்துகின்றன. பிரசவ காலம் நெருங்கும்போது நஞ்சுக்கொடியே ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் அளவுக்குப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. எல்லாப் பழியையும் காப்சூல் மேல் போட முடியாது. வலி கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ வழியையோ மாற்றுவது அவர் வேலை.

வலிக்கென்று சுளுக்கு வழிப்பவரிடமோ கட்டுப் போடுபவரிடமோ போய் இழுத்துவிடச் சொல்வது இந்த உடம்புக்கு ஆகாது. ஏற்கெனவே அளவுக்கு மீறி நகரும் மூட்டு அது. படுத்தே கிடப்பதும் சரியில்லை. படுக்கை ஓய்வு கருக்கலைவையோ குறைப்பிரசவத்தையோ தடுப்பதாக நிரூபணம் இல்லை. தசைதான் இளைக்கும், ரத்தம் உறையும் அபாயமும் கூடும். தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தசை என்பதால் இவர்களுக்கு நஷ்டம் அதிகம். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சி, இடுப்பு பெல்ட், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை, இவை உதவும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் மணிக்கணக்காகச் சம்மணம் போடுவதையும், புகையிலைத் தூளையும் இந்த மாதங்களில் தவிர்ப்பது நல்லது.

மூட்டு தளர்வை டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். "எங்க வீட்டு வாகு" என்று சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. மூட்டையும் தோலையும் தாங்கும் திசு பிறவியிலேயே தளர்ந்திருக்கும் எலர்ஸ் டான்லோஸ் என்ற மரபுவழிக் கோளாறு உள்ள சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது, தையல் ஆறத் தாமதமாகும். மயக்க டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் ரத்தக்குழாயோ குடலோ பிரசவத்தில் கருப்பையோ கிழிந்து இறந்திருந்தால் அது இந்தக் கோளாறின் வேறு, ஆபத்தான வகையாக இருக்கலாம். கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது.

இவர்களில் சிலருக்குப் பனிக்குடம் முன்னதாகவே உடையும், பிரசவம் சட்டென்று நடந்துவிடும். ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவர்கள் 37 வாரத்துக்கு முன் நீர் போனாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ, காப்சூல்தான் வைக்கிறோமே என்று விடியும்வரை பார்க்காமல் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.